ஒன்று புள்ளி ஒன்று ஐந்து

“சரி” என்றுதான் இந்த முறையும் வந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள் ரெஜினா. வேண்டாம், அந்தத் திரையை மட்டும் இழுத்துவிடு, வெயில் கண்ணில் அடிக்கிறது என்று மனைவியிடம் சொல்லத்தான் ஞானப்பிரகாசம் வாயைத் திறந்தார். திரை, வெயில், கண், எல்லாச் சொல்லும் உள்ளே இருந்தன, ஒன்றும் காணாமல் போகவில்லை. ஆனால் தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவே எவனோ ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு வருகிற சொல்லையெல்லாம் பிடுங்கி வைத்துக்கொள்கிறான், பதிலுக்கு ஒரே ஒரு சொல்லைத் தந்து அனுப்புகிறான். பசிக்கிறதா, சரி. வலிக்கிறதா, சரி. மகள் போனில் “அப்பா நான் யாரு சொல்லுங்க” என்று அழுதபோதும் சரி. தண்ணீர் வந்தது. பாதி உள்ளே போனது, பாதி வலது கடைவாய் வழியாக வழிந்து கழுத்துத் துண்டில் இறங்கியது. அந்தப் பக்கம் நனைந்தது தெரியவில்லை, துண்டு கனத்தது மட்டும் தெரிந்தது. ஐம்பத்து மூன்று நாள். ஆபீஸ் குழாயில் கை கழுவிவிட்டுத் திரும்பும்போது குழாயை மூட வலது கை போகவில்லை. போ என்று அவர் சொன்னார், அது போகவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் வீணாகிறதே என்ற கவலைதான் அவருக்கு முதலில் வந்தது, அதற்கப்புறம்தான் தரை வந்தது. மூளையின் இடது பக்கம், பேச்சு இருக்கிற இடம், என்றார் டாக்டர். ஐம்பத்தெட்டு வயதில் பேச்சுக்கு என்று ஒரு இடம் இருப்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. “மெஹர் நாலு மணிக்கு வர்றாளாம். ஏதோ ஷீட்ல சந்தேகமாம், உங்ககிட்ட கேக்கணுமாம்” என்றாள் ரெஜினா. அவள் குரலில் ஒரு மினுக்கம் இருந்தது. இன்னும் அவரிடம் கேட்பதற்கு ஒரு விஷயம் உலகத்தில் மிச்சம் இருக்கிறது என்ற மினுக்கம். 

எந்த ஷீட் என்று கேட்க வேண்டியதில்லை. திருச்சியைச் சுற்றி இரும்பு வளைக்கிற பட்டறைகள் நூறு இருக்கும், அதில் ஒன்று அவர்களுடைய கம்பெனி. தானியம் கொட்டி வைக்கிற சைலோ செய்வதுதான் வேலை. மூன்று மாடி உயர இரும்புக் குதிர், அடியில் கூம்பு, கூம்பின் வாய்க்குக் கீழே லாரி வந்து நிற்கும். கோழித்தீவன ஆலைக்காரர்கள் மக்காச்சோளத்தை மேலே கொட்டிக் கீழே வாங்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு அடி உயரத்திலும் சோளம் சுவரை எவ்வளவு தள்ளும், அதைத் தாங்கத் தகடு எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று பென்சிலும் கால்குலேட்டருமாக நான்கு நாள் போட்டுக்கொண்டிருந்த கணக்கை ஞானப்பிரகாசம்தான் ஒரு எக்செல் ஷீட்டுக்குள் கொண்டுவந்தார். இருபது வருஷத்துக்கு முன்னால், ஒரு கோடைக்காலம் முழுக்க உட்கார்ந்து. விட்டம் போடு, உயரம் போடு, உள்ளே கொட்டுகிற பொருள் என்ன என்று போடு. கண் மூடித் திறப்பதற்குள் கீழே சுவரின் பன்னிரண்டு வளையத்துக்கும் தடிமன் வரிசையாக வந்து விழும். முதல் தடவை அது விழுந்தபோது கையால் போட்ட கணக்கோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். இரண்டாவது தசமம் வரை ஒத்துப்போனது. அன்று வீட்டுக்கு வந்து ரெஜினாவிடம் அதைச் சொல்ல முயன்றார். அவள் “அப்ப நாளைலேருந்து சீக்கிரம் வருவீங்களா?” என்றுதான் கேட்டாள். சீக்கிரம் வந்ததே இல்லை. ஷீட் வளர்ந்தது. காற்று, நிலநடுக்கம், ஏணி, மேல்மூடி என்று தாள் தாளாக. கம்பெனியில் அதற்குப் பேரே ஞானம் ஷீட். அவர் லீவில் இருந்தாலும் ஞானம் வேலை பார்க்கும் என்பார்கள். பார்க்கிறது. இப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. எட்டாவது காலத்தைத் தொடாமல் இருந்தால் சரி. எச் காலம், மேலிருந்து கீழே இறங்குகிற கட்டங்கள். அதை ஹைடு பண்ணிப் பூட்டுப் போட்டு வைத்திருந்தார். பூட்டின் சாவி அவர் மண்டைக்குள் இருக்கிறது. சாவியை வெளியே எடுத்துத் தர அவரால் முடியாது என்பதும் ஒரு வகையில் நல்லதுதான் என்று இந்த ஐம்பத்து மூன்று நாளில் ஒன்றிரண்டு முறை நினைத்தார், நினைத்ததற்காகக் கூசினார். அப்புறம் அதையும் மறந்து காத்தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஹருன்னிசா ஹெல்மெட்டைக் கழற்றி வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். பதினான்கு வருஷமாக அவருக்குக் கீழே வேலை பார்த்தவள், இப்போது அவருடைய நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருப்பவள். ஆரஞ்சுப் பழப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். அவருடைய வாயைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு வந்திருப்பது தெரிந்தது, கண் அங்கேதான் போய்ப் போய் வந்தது. “எப்படி இருக்கீங்க சார்?” “சரி.” அவள் முகம் மலர்ந்துவிட்டது. “நல்லா பேசுறாரே ஆன்ட்டி!” ரெஜினா ஒரு கணம் தயங்கினாள். அந்தத் தயக்கத்தை அவர் பார்த்தார். சொல், ரெஜினா, சொல்லிவிடு. இவருக்கு வருவது அந்த ஒரு வார்த்தைதான், ஆமாம் இல்லை இரண்டும் இவருக்கு இப்போது மாறி மாறி வரும், தலையாட்டுவதைக்கூட நம்பாதீர்கள் என்று பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண் சொன்னாளே, அதைச் சொல். ரெஜினாவுக்கு அந்தப் பேச்சு அன்றைக்கே பிடிக்கவில்லை. மகளிடம்கூட அதை அவள் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “சாருக்கு எல்லாம் நல்லா புரியுது மெஹர். நீட்டமா பேசத்தான் கொஞ்சம் நாளாகும்னாங்க. நீ கேளு, பதில் சொல்வார். நான் டீ போட்டு எடுத்துட்டு வர்றேன்” என்று சொல்லி உள்ளே போனாள். பெருமைக்குச் சொன்ன பொய். புருஷன் இன்னும் புருஷனாகத்தான் இருக்கிறான் என்று ஊருக்குச் சொல்ல வேண்டியிருக்கிற ஒரு பெண்ணின் பொய். அதில் கோபப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் அடுப்படியில் லைட்டர் சொடுக்கும் சத்தம் கேட்டபோது, கிணற்றுக்குள் இருப்பவன் மேலே கயிற்றை இழுத்துக்கொண்டுவிட்டதைக் கேட்பது போல அவருக்கு இருந்தது.

மெஹர் ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு லேப்டாப்பைத் திறந்தாள். “சார், முதல்ல மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஷீட்டோட பூட்டை உடைச்சுட்டோம். நெட்ல அதுக்கு வழி இருக்கு. வேற வழி தெரியல சார், ராசிபுரம் ஆர்டர் கைவிட்டுப் போற மாதிரி இருக்கு.” அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவருடைய மஞ்சள், அவருடைய நீலம், உள்ளே போடுவது மஞ்சள், வெளியே வருவது நீலம் என்று அவர் வைத்த வழக்கம். பழைய சட்டையைப் பார்த்தது போல இருந்தது. எழுத்துகள் மட்டும் எறும்புகளாக ஊர்ந்தன. இந்த நோய் வந்ததிலிருந்து எழுத்து இப்படித்தான், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலைந்து வேறு இடத்தில் போய்க் கூடும். எண்கள் கொஞ்சம் பரவாயில்லை, எண்கள் நின்றன. எச் காலம் திறந்து கிடந்தது. அறுபத்திரண்டாவது வரிசையில், கட்டம் போடாமல், நிறம் இல்லாமல், அது உட்கார்ந்திருந்தது. 1.15. “இதுதான் சார். எல்லா வளையத்தோட தடிமனையும் இது பெருக்கிக்கிட்டு இருக்கு. டிசைன் விதி போட்டிருக்கற எந்த கோட் புஸ்தகத்துலயும் இல்ல, ரெண்டு தடவை முழுசா தேடிட்டேன். பாதுகாப்புக்குப் போடுற காரணி தனியா ஏற்கெனவே இருக்கு. அதுக்கு மேல இது ஏன்னு தெரியல. இதனால நம்ம சைலோவோட இரும்பு எடை மட்டும் இருபத்தெட்டு டன் வருது. மத்தவங்க எல்லாம் இருபத்தஞ்சுக்குள்ள நிக்கறாங்க. இதை எடுத்துட்டா நமக்கும் இருபத்துநாலரை. சின்ன முதலாளி நேத்தே எடுத்துடச் சொன்னார். நான்தான், சார்கிட்ட கேக்காம எடுத்தா எனக்குத் தூக்கம் வராதுன்னு சொல்லிட்டு வந்தேன்.” அவள் அப்படித்தான். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் போட்ட ஒரு கணக்கில் எங்கிருந்தோ ஒரு 0.7 வந்து உட்கார்ந்திருந்தது. எல்லார் முன்னாலும் அவளைக் கடிந்துகொண்டார். ஒரு நம்பர் போட்டால் அது யார் வீட்டுப் பிள்ளை என்று பக்கத்திலேயே எழுது, அனாதையாக விடாதே, நாளைக்கு நீ செத்துப்போனால் அதை யாரிடம் போய்க் கேட்பது என்று. அவள் கண் கலங்கிப் போய் எழுதினாள். அதற்கப்புறம் அவளுடைய கணக்கில் அனாதை நம்பர் ஒன்றுகூட வந்ததில்லை.

ஐந்து புள்ளி இரண்டு. அவர் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆறு மில்லிமீட்டர் என்று பில்லில் வருகிற தகடு ஐந்து புள்ளி இரண்டு. பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு, காலாற யார்டில் நடந்தவர், அடுக்கி வைத்திருந்த தகட்டின் ஓரத்தைச் சும்மா விரலால் தடவினார். இருபது வருஷம் இரும்பைத் தொட்ட விரலுக்கு ஏதோ பிடிக்கவில்லை. மைக்ரோமீட்டரை எடுத்துவரச் சொல்லிப் பிடித்துப் பார்த்தார், 5.2. அடுத்த தகடு, 5.2. அதற்கடுத்தது, 5.15. கூடவே வந்த சான்றிதழில் ஆறு என்று கறுப்பு மையில் சுத்தமாக அச்சடித்திருந்தது. வெயிலில் நின்றபடி பதினொரு தகடு பார்த்தார், சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அன்று சாயந்திரமே பெரிய முதலாளி அறைக்குப் போனார். இப்போது உயிரோடு இல்லாத மனுஷன், கெட்டவர் என்று சொல்ல முடியாது, ரெஜினாவின் பிரசவத்துக்குக் காரை அனுப்பியவர். கேட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். “அது என் மச்சினன் சரக்கு ஞானம். அவனை விட்டு வெளிய வாங்க முடியாது, குடும்பம் ரெண்டாயிடும். நீங்க உங்க கணக்குல ஏதாவது பாத்து அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.” அவரும், சரி சார், என்றார். அப்போது நாக்கு நன்றாக இருந்தது, எந்தச் சொல்லை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். ஆறை ஐந்து புள்ளி இரண்டால் வகுத்தால் ஒன்று புள்ளி ஒன்று ஐந்து சொச்சம். ஐந்து மில்லிமீட்டர் தேவைப்பட்ட இடத்தில் ஷீட் ஐந்தே முக்கால் கேட்டது, ஆறு வாங்கினார்கள், ஐந்து புள்ளி இரண்டு வந்தது. சரியாகப் போயிற்று. யாரையும் பகைக்காமல், யாருக்கும் தெரியாமல், சோளம் சோளமாகவும் சுவர் சுவராகவும் நின்றது. ஒரு முறை அந்தக் கட்டத்தில் குறிப்பு எழுத ஆரம்பித்தார். தகடு மெலிசாக வருவதால், என்று அடித்துவிட்டு நிறுத்தினார். எழுதினால் அது சாட்சி. என்றைக்காவது எவனாவது திறந்து பார்த்தால் முதலில் நிற்பது எழுதியவன் பேர். ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். அழித்துவிட்டு அந்தக் காலத்தையே மறைத்தார்.

அப்புறம் அந்த நான்கு சைலோ. அவர் விரல் வைத்துப் பார்ப்பதற்கு முன்னால் அதே தகட்டில் செய்து அனுப்பியவை, 1.15 இல்லாதவை. நாமக்கல் பக்கம் மூன்று, உடுமலைப்பேட்டையில் ஒன்று. யாரிடமும் சொல்லவில்லை. சைலோவின் சுவர் திடீரென்றுதான் போகும், முன்னால் முனகாது என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் அறுவடை முடிந்து எல்லாக் குதிரும் நிறைகிற மாதத்தில் காலையில் பேப்பரை முதலில் உள்பக்கம், மாவட்டச் செய்தி, அப்புறம்தான் முன்பக்கம் என்று படிக்கிற பழக்கம் வந்தது. ரெஜினா கேட்டதற்கு, “சும்மாதான்” என்றார். ஒரு தடவை வேறு வேலையாக நாமக்கல் போனபோது அந்த ஆலைக்குள் நுழைந்தார். எடைமேடையில் சீட்டு எழுதுகிற பாவாயி என்ற பொம்பளை, கூம்புக்கு நேர் கீழே சாக்கை விரித்துச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். “இங்க ஏம்மா உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டார். “இந்த ஆலையிலயே இங்கதானுங் சார் நெழலு, மரமா இருக்குது?” என்றாள். அவர் தலைக்கு மேலே பார்த்தார். இருநூற்று எண்பது டன் சோளம் சத்தமில்லாமல் நின்றது. வேறு இடத்தில் சாப்பிடுங்கம்மா என்று சொல்ல வாயெடுத்தார். ஏன் என்று கேட்டால்? கேட்பாள், நாமக்கல்காரி சும்மா விடமாட்டாள். “சாம்பார் வாசமா இருக்கே” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அந்த நான்கும் இன்னும் நிற்கின்றன. நிற்கின்றன என்றுதான் நினைக்கிறார், இந்த ஐம்பத்து மூன்று நாளாகப் பேப்பர் படிக்க முடியவில்லை. ஆனால் இனிமேல் வரப்போவது அந்த நான்கு போலக்கூட இருக்காது. இந்தக் காலத்தில் எல்லாவற்றையும் ஒட்ட நறுக்கித்தான் போடுகிறார்கள். ஐந்து போதும் என்று ஷீட் சொல்லும், ஐந்து என்று பில்லில் எழுதுவார்கள், வருவது நான்கு புள்ளி மூன்று. மச்சினன் போய் மச்சினன் மகன் வந்திருக்கிறான், அதே உருட்டாலை, அதே கறுப்பு மை. நான்கு புள்ளி மூன்று, முந்நூறு டன், கீழே லாரி, லாரிக்கு அந்தப் பக்கம் நிழல்.

“சார்?” மெஹர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எடுத்துடலாமா சார்?” வேண்டாம். அவர் அந்தச் சொல்லை இரண்டு கையாலும் தூக்குவது போல உள்ளிருந்து தூக்கினார். வே. பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும், முப்பது கிலோ, நாற்பது கிலோ, கழுத்து நரம்பு புடைத்தது. “சரி” என்றது வாய். அவள் மூச்சு விடுவது கேட்டது. அவர் வேகமாகத் தலையை அசைத்தார், இல்லை, இல்லை என்று. ஆனால் வலப்பக்கம் கழுத்து தளர்ந்து கிடந்ததால் தலை பக்கவாட்டில் திரும்பாமல் தோளுக்குத் தோள் சாய்ந்து சாய்ந்து வந்தது. நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று கைக்குழந்தைக்குத் தெரியும். “தேங்க்ஸ் சார். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, பழைய காலத்துல ஏதோ அதிகப்படியா இருக்கட்டும்னு போட்டிருப்பீங்கன்னு.” இடது கை அவருக்கு இருந்தது. அதை நீட்டி லேப்டாப் மூடியைப் பிடித்துச் சாத்தப் பார்த்தார். அவள் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டு, “அட, டைப் பண்றீங்களா சார்? பண்ணுங்க, பண்ணுங்க” என்று சந்தோஷமாக அவர் மடியில் தலையணையை வைத்து அதன் மேல் லேப்டாப்பை வைத்தாள். கடவுளே. எண்கள் நிற்கும், எண்கள் எறும்பில்லை. ஆறு, அதற்கப்புறம் ஐந்து புள்ளி இரண்டு, அவள் கெட்டிக்காரி, அதைப் பார்த்தால் பிடித்துக்கொள்வாள். இடது ஆள்காட்டி விரல் பலகை மேல் குளிரில் நடுங்கும் கோழிக்குஞ்சு மாதிரி அலைந்தது. ஆறைக் கண்டுபிடித்தது. அழுத்தியது. ஐந்தைக் கண்டுபிடித்தது. அழுத்தியது. புள்ளி எங்கே? இருபது வருஷமாகப் பார்க்காமலே தொட்ட புள்ளி, கீழ் வரிசையில்தானே இருக்கும், கீழ் வரிசை முழுவதும் எறும்பு. விரல் அந்தரத்தில் நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். “அறுபத்தஞ்சு.” யோசித்தாள், கண் விரிந்தது. “ஆமா சார், கூம்போட சாய்வு அறுபத்தஞ்சு டிகிரிதான். அதை நான் தொடவே இல்ல. சோளம் தேங்காம இறங்கணும்னா அறுபத்தஞ்சுக்குக் கீழ போகக் கூடாதுன்னு நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு சார்.” அவள் கண்ணில் நீர் கோத்தது. “இந்த நிலைமையிலயும் அதை நினைச்சு வச்சிருக்கீங்க பாருங்க.”

அவர் விரல் பலகையை விட்டுக் கட்டில் ஓரத்துக்கு ஓடியது. அங்கே பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டை தொங்கும், ஆறு படம், சோற்றுத் தட்டு, டம்ளர், கக்கூஸ், கட்டில், காத்தாடி, நெற்றியைப் பிடித்துக்கொண்டு அழுகிற ஒரு முகம். பேசமுடியாத நேரத்துக்குத் தொட்டுக் காட்ட. ஆமாம் இல்லை என்ற படங்களை அடுத்த மாதம் சேர்க்கிறோம் என்று பயிற்சிப் பெண் சொல்லியிருந்தாள், இப்போது சேர்த்தால் குழப்பிக்கொள்வாராம். இருக்கிற ஆறில் வேண்டாம் என்பதற்குப் பக்கத்தில் வருவது எது? அழுகிற முகத்தைத் தொட்டார். திரையைக் காட்டினார், மறுபடி அழுகிற முகத்தைத் தொட்டார், திரை, முகம், திரை, முகம், நகம் பிளாஸ்டிக்கில் டக் டக்கென்று பட்டது. மெஹர் எழுந்துவிட்டாள். “ஆன்ட்டி, சாருக்குத் தலை வலிக்குது போலிருக்கு. நான் ரொம்ப நேரம் திரையைப் பாக்க வச்சுட்டேன்.” ரெஜினா டீயோடு ஓடிவந்து, டம்ளரை வைத்துவிட்டு மாத்திரையைப் பிரித்தாள். நாக்கில் மாத்திரை, அப்புறம் தண்ணீர், கழுத்தில் துண்டு. துண்டுக்கு மேலே அவர் கண் மட்டும் லேப்டாப்பில் இருந்தது. மெஹர் நின்றபடியே குனிந்து எச் 62-இல் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள், ஒன்று என்று அடித்தாள். நீலக் கட்டங்கள் பன்னிரண்டும் ஒரே சமயத்தில் மாறின. கண் மூடித் திறப்பதற்குள். அவர் கட்டிய இயந்திரம், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காத இயந்திரம். அதற்குப் பக்கத்தில் அவள் ஏதோ எழுதுவதையும் பார்த்தார். எழுத்து ஊர்ந்தது, படிக்க முடியவில்லை. அவளே வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். “ஞானப்பிரகாசம் சாரிடம் நேரில் கேட்டு, அவர் ஒப்புதலோடு நீக்கப்பட்டது. தேதி போட்டுட்டேன் சார். அனாதையா விடல.” வாசலில் ஹெல்மெட்டை எடுத்தவள் திரும்பி வந்தாள். ஏதோ ஒன்று அவளுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். நல்ல எஞ்சினியருக்கு உறுத்தும். “சார், நிஜமாவே எடுத்துடலாம்தானே?” இரண்டாவது முறை கேட்கிறாள். அவர் அவள் துப்பட்டா முனையைப் பிடித்துக்கொண்டார். சரி, சரி, சரி என்று வாய் கத்தியது, கண்ணீர் கொட்டியது. “அழாதீங்க சார், இன்ஷா அல்லா சீக்கிரமே ஆபீஸ் வந்துடுவீங்க” என்று அவளும் அழுதுகொண்டே விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். அவள் ஸ்கூட்டர் தெருமுனை திரும்புகிறவரை சத்தம் கேட்டது. அதற்கப்புறம் காத்தாடிச் சத்தம்.

ஐந்து மணிக்குப் பேச்சுப் பயிற்சிக்காரப் பெண் பிரவீணா வந்தாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. திறந்து என்ன ஆகப்போகிறது? ராசிபுரத்தில் இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டவில்லை, சின்ன முதலாளி இன்று சாயந்திரமே விலைப்புள்ளி அனுப்பிவிடுவார், ஆவணியில் தகடு வெட்டுவார்கள், தையில் சோளம் நிறையும். தையில் அவர் எங்கே இருப்பார்? உயிரோடு இருந்தால் இதே கட்டிலில், மாவட்டச் செய்தி படிக்கத் தெரியாமல். தெரியாமல் இருப்பது நல்லதா? பிரவீணா அவர் தாடையை இரண்டு பக்கமும் நீவிவிட்டாள். “இன்னிக்கு வேற ஒண்ணு பண்ணிப் பாக்கலாம் சார். நாமா யோசிச்சுப் பேசற பேச்சு ஒரு இடத்துல இருக்கும். சின்ன வயசுலேருந்து சொல்லிச் சொல்லிப் பழகினது வேற இடத்துல இருக்கும், அது சில பேருக்குச் சேதமாகாது. நான் ஆரம்பிக்கிறேன், கூடவே வாங்க, யோசிக்காதீங்க. ஒண்ணு. ரெண்டு. மூணு.” “நாலு” என்றார் ஞானப்பிரகாசம். நாலு. அவருடைய சொந்தக் குரல், கொஞ்சம் கரகரத்து, ஆனால் அவருடையது. “அஞ்சு” என்றது குரல், யாரும் தள்ளாமலே, சரிவில் விட்ட வண்டி மாதிரி. “ஆறு. ஏழு. எட்டு.” ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள். “மாதாவே” என்றாள், “மாதாவே, பேசுறார்” என்று போனைத் தேடி ஓடிவந்து வீடியோ எடுக்க ஆரம்பித்தாள். பத்து வந்தது. பதினொன்று வந்தது. அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. இந்தப் பாதையில் நாலடி தள்ளிப் பதினைந்து இருக்கிறது. பதினைந்து சதவீதம். அங்கே நின்றுவிட்டால் போதும், அங்கே நின்று கண்ணால் காட்டினால், இந்த வீடியோ மெஹருக்குப் போகும், ரெஜினா எல்லாருக்கும் அனுப்புவாள், மெஹர் பார்ப்பாள், ஏன் பதினைந்தில் நிற்கிறார் என்று அவளுக்கு உறுத்தும், அவளுக்கு உறுத்தத்தான் செய்யும். பன்னிரண்டு. பதிமூன்று. பதினாலு.

“பதினஞ்சு” என்றார். பற்களைக் கடித்து வாயை மூடினார். இடது கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்தார். போனின் சின்னக் கறுப்புக் கண்ணைப் பார்த்தார். “ஏன் நிறுத்திட்டீங்க சார், சூப்பரா வந்துச்சு” என்றாள் பிரவீணா. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவர் மறுபடி பதினைந்தில் வந்து நின்றார், சட்டத்தை அடித்தார். “பதினஞ்சு!” மூச்சு வாங்கியது. சட்டை நனைந்திருந்தது. “பதினஞ்சு வரைக்கும்தான் வருது போல, பாவம்” என்றாள் ரெஜினா. “இல்லக்கா, வரும். சும்மா ஒரு சின்னத் தள்ளு கொடுத்தா போதும்” என்று பிரவீணா அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, உதட்டைச் சேர்த்துக் காட்டினாள். அவள் வாயிலிருந்து வரப்போவது என்ன என்று அவருக்குத் தெரிந்தது. கேட்கக் கூடாது என்று கண்ணை இறுக்கி மூடினார். வாயையும் மூடினார். காதை மூட ஒரு கைதான் இருந்தது. “பதி…” என்றாள் பிரவீணா. ரெஜினாவும் சேர்ந்துகொண்டாள், போனைப் பிடித்தபடியே, குழந்தைக்குச் சோறூட்டுகிற குரலில், “சொல்லுங்க, பதி…” அவருக்குள் அந்தச் சரிவு காலடியில் நழுவியது.

“பதினாறு” என்றார். ரெஜினா கைதட்டினாள்.